கடிதத்துக்குக் கீழே இரண்டு வரி

ஜனவரி 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் மகளும் சுகம். உன்னிடம் இருமிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் உன் முகத்தில் இருமாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணாவுக்குத்தான் இன்னும் அந்த வயிற்றெரிச்சல் விட்டபாடில்லை. இப்போது முதுகுவலியும் சேர்ந்திருக்கிறது. தெருமுனை டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுக்கூடப் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல் என்கிறார். நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? இவர் அந்த ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "அப்ப வலிக்கிறது யாருக்காம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

போனில் கேட்கலாமே என்பாய். போனை அவர் கையில் கொடுத்தால், "நான் நல்லாயிருக்கேன், நீ எப்படி இருக்கே?" என்று ஒரே மூச்சில் முடித்து என்னிடம் திருப்பித் தந்துவிடுகிறார். அதனால்தான் நம் பழைய வழக்கப்படி கடிதம். என்ன மாத்திரை தரலாம் என்று நீதான் சொல்லேன்.

வழக்கம்போல எதிரே நாற்காலியில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கிறார். நீ டாக்டரான பிறகும் அவருக்கு நீ 'ஊசி'தான். கீழே இரண்டு வரி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

உன் அண்ணி

பி.கு.: ஊசி, ஊர்ல இருக்குற லிஃப்டை எல்லாம் நான்தான் மேல ஏத்துறேன். திங்கிற சோத்தை மட்டும் கீழ எறக்க முடியல. உன் படிப்புல இதுக்கு ஒரு ஸ்பேனர் இருக்கா, இல்ல அங்கயும் வெறும் ஊசிதானா?


ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். மழை விட்டதும் காய்ச்சல் கூட்டம் குறைந்திருக்கிறது, மதியம் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. மகளுக்கு என் முத்தம்.

அண்ணாவின் இரண்டு வரியைப் படித்துவிட்டு நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. அம்மா சொல்வாளே, "அவன் கிண்டல் பண்றவரைக்கும் எனக்கு பயமில்ல" என்று. எங்கள் வீட்டில் தெர்மாமீட்டரே அதுதான். காப்பி, டீயைக் குறைக்கச் சொல்லுங்கள், காரம் வேண்டாம். ஒரு மாத்திரையின் பெயர் தனியாக எழுதியிருக்கிறேன், காலையில் வெறும் வயிற்றில்.

இங்கே ஒரு தையல்காரம்மா. தலைவலி என்று மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். கண்ணாடி மாற்றினோம், ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. போன வாரம் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தலையை விடுங்கம்மா. இப்பல்லாம் எதைச் செஞ்சா உங்களுக்கு சந்தோஷமா இருக்கு?" என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணப் பார்த்தார், ஒன்றுகூட வரவில்லை. பிறகு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். மனச்சோர்வு நோய் அண்ணி. பாதிப் பேருக்கு அது மனசில் இருந்துகொண்டு உடம்பில்தான் வந்து கதவைத் தட்டும். எங்களைப்போன்ற குடும்ப டாக்டர்கள் கேட்டால்தான் உண்டு, இல்லாவிட்டால் தலைவலிக்கே மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். இப்போது அவருக்கு மருந்து ஆரம்பித்திருக்கிறேன். சரியாகிவிடுவார்.

அண்ணாவிடம் சொல்லுங்கள், ஸ்பேனர் அனுப்புகிறேன், வாயைத் திறந்து வைக்கட்டும்.

உங்கள் ஊசி


பிப்ரவரி 14

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நாங்கள் இங்கே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டு வருகிறேன். எரிச்சல் குறைந்ததா என்று கேட்டால் "ம்" என்கிறார். குறையவில்லையா என்று கேட்டாலும் அதே "ம்"தான்.

வேறு பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பதினைந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் இவர்தான் ஓட வேண்டும், வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆளில்லை. அடியில் கிண்ணம் வைத்திருக்கிறேன். மகளின் பள்ளிப் பையில் வார் அறுந்து தொங்குகிறது, அதையும் "நாளைக்கு" என்கிறார். வேலையிலிருந்து வந்தால் ஷூவைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான்தான் குனிந்து கழற்றுகிறேன். விடிவதற்கு முன்பே எழுந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன், பேன்ட் நிற்கமாட்டேன் என்கிறது. வயதாகிறது, சாப்பாடு குறைகிறது, வேறென்ன.

தையல்காரம்மா எப்படி இருக்கிறார்? அந்த மருந்து சாப்பிட்டால் உண்மையிலேயே சரியாகிவிடுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

உன் அண்ணி

பி.கு.: ஊசி, உன் மாத்திரை நல்லா வேலை செய்யுது. லிஃப்ட் எப்படி மேல மேல போகுதோ அதே மாதிரி நீயும் வாழ்க்கையில மேல மேல போகணும்.


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டே வரி, மன்னியுங்கள். வாசல்வரை ஆள் நிற்கிறது, பக்கத்துக் கிளினிக் டாக்டர் லீவு. நான் நலம், தூக்கம் மட்டும் பாக்கி.

தையல்காரம்மா தேறி வருகிறார். அந்த மருந்து வேலை செய்யும், ஆனால் மெதுவாகத்தான். அண்ணா இப்போது வாழ்த்து அட்டைக்கு எழுதுகிறானா? கிண்டல் துருப்பிடித்துவிட்டது, எண்ணெய் போடச் சொல்லுங்கள். எப்படியோ, கிண்டல் வருகிறதே, அது போதும். எடை மட்டும் ஒருமுறை பார்த்து எழுதுங்கள்.

உங்கள் ஊசி


ஏப்ரல் 1

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் சுகம். எடை பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை.

உன் அண்ணா சில நாளாக வீட்டில் இருக்கிறார். சும்மா ஓய்வுதான். சூப்பர்வைசர் நல்ல மனிதர், அவரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மொட்டைமாடி மோட்டார் அறையில் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் அப்படியே நின்றிருக்கிறார். என்ன செய்ய வந்தோம் என்பது மறந்துவிட்டதாம். கீழே ஜனங்கள் படியேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இவர் மேலே நிற்கிறார். "இருபது வருஷமா கண்ணை மூடிக்கிட்டு செய்யுற ஆளு இவரு. கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் அசதியாக இருக்கும்.

மகள் பள்ளிப் பையைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறாள். அப்பாவிடம் இப்போது கேட்பதில்லை.

உன் அண்ணி

பி.கு.: ஊசி, ஊர் ஜனத்துக்கெல்லாம் ஊசி போட்டுட்டு நீ பட்டினி கிடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பாத்துக்கோ.


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணி,

சுகம் விசாரிக்க மனசில்லை. நேராகவே எழுதுகிறேன். போனில் என்றால் அவன் காதில் விழும், நீங்களும் வாய்விட்டுப் பேச முடியாது.

உங்கள் கடிதம் வந்த அன்று, கடைசி ஆள் போன பிறகு பழைய கடிதங்களையும் எடுத்து மேஜைமேல் பரப்பி வைத்துப் படித்தேன். அண்ணி, என் அண்ணன் பிறந்ததிலிருந்து என்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னதில்லை. "ஊசிக்கு எதுக்கு சாப்பாடு, நூல் போதும்" என்று என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பவன் அவன். என்னைச் சாப்பிடச் சொல்கிறவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கடைசி இரண்டு வரியை எழுதியது நீங்கள். எனக்குக் கோபமில்லை. ஏன் என்று பிறகு சொல்லுங்கள்.

இப்போது அதைவிட முக்கியமானது. தூக்கமில்லை, விடியுமுன் விழிப்பு. சாப்பாடு இறங்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை. கைவேலை மறக்கிறது. மகளின் பை வார்கூட மலையாகத் தெரிகிறது. வேறு யாராவது வந்து என் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் நான் உடனே கண்டுபிடித்திருப்பேன். இது வயிறு இல்லை அண்ணி. தையல்காரம்மாவுக்கு வந்த அதே நோய். நீங்களும் சந்தேகப்பட்டுத்தான் அன்று "சும்மா" கேட்டீர்கள், இல்லையா? நான் என் அண்ணனுடைய வயிற்றுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இது சோம்பல் இல்லை, பைத்தியம் இல்லை, நீங்கள் வைத்த குறையும் இல்லை. நீங்கள் அதை யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். வைத்தியம் இருக்கிற நோய்.

ஒரு கேள்வியை நீங்கள் அவனிடம் கேட்க வேண்டும். நான் போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைப்பு வருகிறதா என்று கேளுங்கள். பூசி மெழுகாமல் இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். கேட்டால் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், அப்படி வருவதில்லை. நான் தினமும் கேட்கிறேன், கேட்டதற்காக நன்றி சொன்னவர்கள்தான் உண்டு. ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியாக விடாமல் அப்போதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், எனக்கும் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும். இல்லை என்று சொன்னாலும் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் மாற்று டாக்டர் வந்ததும் புறப்பட்டு வருகிறேன்.

உங்கள் ஊசி


ஏப்ரல் 10

என் அருமை நாத்தனாருக்கு,

நீ வராதே. கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் கடிதத்தை இரண்டு நாள் ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. யாரிடம் போய் அதைக் கேட்பது? தாலி கட்டினவரிடமா? நேற்று மாலை மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். லீவுக்குக் கையெழுத்துப் போட ஆபீஸ்வரை போய்வந்து, இவர் கட்டில் ஓரத்தில். நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தால் கேட்க முடியாது என்று, ஷூவைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஏங்க, செத்துப்போகணும்னு தோணுதா உங்களுக்கு?"

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "எதுவும் பண்ணிக்கணும்னு இல்ல. ஆனா படுக்கும்போது, காலையில கண்ணு முழிக்காமலே இருந்துட்டா நல்லாயிருக்குமேன்னு தோணுது. தினம் தோணுது." அப்புறம், "நீ கேப்பேன்னு ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

அழுது முடித்த கையோடு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டோம். உன் கடிதம் அவர் மேஜைமேலேயே இருந்தது. நல்ல மனுஷன், கொஞ்சமும் ரோஷப்படவில்லை. மற்றவர்களை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை இவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத்தனை நாளா நான் உங்க வயித்துக்கிட்டயே பேசிக்கிட்டு இருந்துட்டேன். இன்னைக்கு உங்ககிட்ட பேசுறேன்" என்றார். தூக்கம், பசி, ஆசை, வேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கேள்வியையும் கேட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இவர் பதில் சொன்னார். தைராய்டு பார்க்க ரத்தம் எடுத்தார். மாத்திரை ஆரம்பித்தாயிற்று, முதலில் பாதி. வாரம் ஒருமுறை வர வேண்டுமாம். பேசிச் சிகிச்சை தருகிற ஒரு அம்மாவிடம் போகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தனியாக விட வேண்டாம் என்றார், விடவில்லை. அவர் பக்கத்திலேயே இருப்பதால்தான் உனக்குப் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

இப்போது பி.கு. விஷயம். ஜனவரியில் வந்தது அவர் சொன்னதுதான். அதற்கு அடுத்த தடவை பேனாவைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன். "ஒண்ணும் வரல" என்றார். உன் அம்மா சொன்ன அதே வார்த்தையைத்தான் நீயும் எழுதியிருந்தாய், கிண்டல் பண்ணுகிறவரை பயமில்லை என்று. அந்த இடத்தைக் காலியாக அனுப்பினால் நீ பயந்துவிடுவாய் என்று நானே எழுதினேன். எனக்குக் கிண்டல் வராது என்பது ஊருக்கே தெரியும். நீ பயந்திருக்க வேண்டும். நான் விடவில்லை.

நீ ஏன் வர வேண்டாம் என்கிறேன் தெரியுமா? நீ வாசலில் வந்து நின்றால் உன் அண்ணா எழுந்துவிடுவார். சட்டையை மாற்றிக்கொண்டு, "வாடி ஊசி" என்று நாள் முழுக்க உன்னைச் சிரிக்க வைப்பார். நீ சிரித்துவிட்டுப் போவாய். அந்த நடிப்புக்கு இப்போது அவரிடம் தெம்பில்லை. அவராகக் கூப்பிடும்வரை பொறுத்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணி,

லீவை ரத்து செய்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன், அதைப் பிரிக்கத்தான் மனசு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது.

நான் வாய்விட்டு அழுதேன் என்று மட்டும் எழுதிவிடுகிறேன். நர்ஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இனி டாக்டராகப் பேசுகிறேன். முதல் சில வாரம் மாத்திரையால் ஒரு நன்மையும் தெரியாது, தொல்லைதான் தெரியும். குமட்டும், வாய் உலரும், கொஞ்சம் படபடப்பும் வரலாம். "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்பான். விடாதீர்கள். அவனுக்கு முன்னால் உங்கள் கண்ணுக்குத்தான் மாற்றம் தெரியும், சின்னச் சின்ன விஷயத்தில். படபடப்பு அதிகமானாலோ, அந்த நினைப்பு திரும்ப அழுத்தமாக வந்தாலோ வாரம் முடியக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். தினமும் கொஞ்சம் நடக்கட்டும், நீங்களும் கூடப் போங்கள்.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இதை இந்தத் தடவை நான் எழுதுகிறேன்.

உங்கள் ஊசி


மே 12

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மகளுக்கு ஜலதோஷம், எனக்கு முழங்கால். உன் அண்ணாவைப் பற்றித்தான் நீ கேட்பாய், சொல்கிறேன்.

நீ எழுதியதெல்லாம் அப்படியே நடந்தது. முதல் வாரம் குமட்டல். கூட வேலை செய்கிறவர் ஒருவர் பார்க்க வந்து, "மூளைக்கு மாத்திரையா? அதெல்லாம் பழக்கமாயிடும்பா, விட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் மறுநாள் மாத்திரையை ஓரமாகத் தள்ளி வைத்தார். எனக்கு வந்ததே கோபம். "அந்த ஆளு வந்து உங்க ஷூவைக் கழட்டுவாரா? நாந்தானே கழட்டுறேன்! முழுங்குங்க!" என்று கத்திவிட்டேன். நோயாளியிடம் கத்தலாமா என்று அப்புறம் டாக்டரிடம் கேட்டேன். "மாத்திரை உள்ள போச்சுல்ல, விடுங்க" என்றார்.

இப்போது முழு மாத்திரை. பேசிச் சிகிச்சை தருகிற அந்த அம்மாவிடம் வாரா வாரம் போகிறார், என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை. போன வாரம் விடிந்த பிறகும் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். குறட்டை. இந்த வீட்டில் குறட்டைக்கு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. நேற்று சாப்பிடும்போது நிமிர்ந்து, "அந்தக் குழாய் எத்தனை நாளா சொட்டுது?" என்று கேட்டார். இன்னும் சரி செய்யவில்லை. கேட்டார், அவ்வளவுதான். ஆனால் கேட்டாரே.

கீழே இடம் காலியாக விட்டிருக்கிறேன். அது அவருடைய இடம், இனி அதில் நான் எழுதமாட்டேன்.

உன் அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணி,

காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பொய்யில்லாத பயம்.

தேறிவிட்டோம் என்று தோன்றும்போதுதான் எல்லாரும் மாத்திரையை நிறுத்துவார்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதும் டாக்டர் சொல்லி மெல்ல மெல்லத்தான். இதை அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இந்தத் தடவை கிண்டலை நானே எழுதுகிறேன். அவன் பதில் சொல்லவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான்.

உங்கள் ஊசி

பி.கு.: அண்ணா, நேற்று எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கும் காய்ச்சல். நான் ஒரு ஊசி போட்டேன், இரண்டாம் மாடிவரை வந்தது.


ஜூன் 29

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். குழாய் சொட்டவில்லை. மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறாள். மற்றதை அவரே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

உன் அண்ணி

பி.கு.: ஊசி, இது நானே எழுதுறது. கையைக் கழுவிட்டுத்தான் உக்காந்தேன், அப்படியும் கட்டைவிரல் பதிஞ்சிருச்சு, மன்னிச்சுக்கோ. போன திங்கள்கிழமையிலேர்ந்து பாதி நாள் வேலைக்குப் போறேன். சூப்பர்வைசர் கூடவே நிக்கிறாரு, என்னமோ நான் லிஃப்டைப் பொண்ணு பாக்கப் போறமாதிரி.

உன் ஜோக்கைப் படிச்சேன். சகிக்கல. உன் அண்ணி எழுதுனதே தேவலை.

சின்ன வயசுலேர்ந்து நான் வாயைத் திறந்தாலே நீங்க எல்லாரும் சிரிக்கத் தயாரா நிப்பீங்க. அதனால வேற எதையும் சொல்ல எனக்கு வரவே இல்ல. இப்பதான் சொல்லிப் பழகுறேன். சில நாள் நல்லாயிருக்கு, சில நாள் இல்ல. இன்னைக்கு நல்லாயில்ல. அதான் இன்னைக்கே எழுதுறேன்.

பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்காமே. எடுத்துக்கிட்டு வா. உன்னைச் சிரிக்க வைக்க என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல. சும்மா வந்து பக்கத்துல உக்காரு.